செவிக்கு வந்த புத்தகங்கள்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில், மொத்த மளிகைக் கடை ஒன்றில் என் தந்தையார் முப்பத்தைந்து ஆண்டுகள் கணக்கெழுதினார். பகல் முழுவதும் பேரேட்டில் கண் பதித்தவர், இரவு உணவுக்குப் பின் கதைப் புத்தகத்தில் கண் பதிப்பார். வாங்கிய புத்தகங்கள் குறைவு. நூலகத்தில் எடுத்தவையும், நண்பர்களிடம் இரவல் பெற்றவையும், வார இதழ்த் தொடர்களைக் கிழித்து வீட்டில் தைத்துக் கட்டியவையுமே மிகுதி. எழுபத்தாறாம் வயதில் நீரிழிவு அவருடைய விழித்திரையைத் தாக்கியது. ஊசி மருந்தும் லேசர் சிகிச்சையும் எஞ்சிய பார்வையைக் காத்தன. ஆனால் எழுத்தைக் கூட்டிப் படிக்கும் பார்வை திரும்பவில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து ஒரு பக்கத்தைப் படிக்க அவருக்கு அரைமணி நேரம் ஆயிற்று. ஒரு நாள் அந்தக் கண்ணாடியைத் துடைத்து, உறையிலிட்டு, அலமாரியில் வைத்தார். பிறகு அதை அவர் எடுக்கவில்லை.

ஒலிநூல்களைப் பற்றி நான் எழுத நேர்ந்தது இப்படித்தான். நான் இலக்கியம் கற்றவன் அல்லன். வணிகவியல் பட்டதாரி, வங்கி அலுவலர். கடந்த இரண்டாண்டுகளில் அப்பாவுக்காகத் தேடியும், கரமனையிலிருந்து அலுவலகத்துக்குப் பேருந்தில் செல்லும்போது எனக்காகக் கேட்டும் அறிந்தவற்றை, ஒரு சாதாரண நேயனின் கருத்துகளாக வாடிக்கையாளர்களாகிய உங்கள் முன் வைக்கிறேன்.

கேட்பது வாசிப்பாகுமா?

முதல் தடை அப்பாவிடமிருந்தே வந்தது. கைப்பேசியில் செயலியை நிறுவி, சிறிய ஒலிபெருக்கியோடு இணைத்து அவர் அருகில் வைத்தேன். ஐந்து நிமிடம் கேட்டார். பிறகு, “மக்களே, இது கதை கேக்கது. புஸ்தகம் படிக்கது இல்லே” என்றார். அவர் சொன்னதில் ஓர் உண்மை இருந்தது. படிப்பவன் வேகத்தைத் தானே தீர்மானிக்கிறான். கேட்பவனுக்கு வேகம் பிறர் கையில் இருக்கிறது.

எனினும் கேட்டறிதல் நமக்குப் புதிதன்று. திருக்குறளில் கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களை அடுத்து 42ஆம் அதிகாரமாக வள்ளுவர் வைத்திருப்பது ‘கேள்வி’. நாஞ்சில் நாட்டுக் கோயில் கொடைகளில் விடிய விடிய வில்லுப்பாட்டுக் கேட்டவர்கள் நம் முன்னோர். கேரளத்தில் கதாப்பிரசங்கக் கலைஞர் வி. சாம்பசிவன், ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவைத் திருவிழாத் திடல்களில் சொல்லி, ஆங்கிலம் அறியாத மக்களிடம் கொண்டு சேர்த்தார். அந்நாடகத்தை ஏட்டில் படித்தவர்களைவிட அவரிடம் கேட்டறிந்தவர்களே இங்கு மிகுதியாக இருக்கக்கூடும்.

ஒலிநூல் என்னும் எண்ணமே பார்வையற்றோரை முன்னிட்டுத்தான் பிறந்தது. 1877இல் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்த எடிசன், அதன் பயன்களை அடுத்த ஆண்டு பட்டியலிட்டபோது, பார்வையற்றோருக்கான பேசும் நூல்களையும் அதில் சேர்த்தார். பிரிட்டனில் 1935இல் பார்வையற்றோருக்கான ‘பேசும் புத்தகம்’ சேவை தொடங்கியபோது, இசைத்தட்டுகளில் முதலில் வெளிவந்த நூல்களுள் அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவல் ஒன்றும் இருந்தது. முதல் உலகப் போரில் பார்வை இழந்து வீடு திரும்பிய வீரர்களின் தேவையே அச்சேவைக்கு அடிப்படைத் தூண்டுதல். இன்று பேருந்திலும் சமையலறையிலும் நாம் வசதிக்காகக் கேட்பது, அன்று அவர்களுக்காக ஏற்பட்டது.

இந்த வரலாறெல்லாம் அப்பாவின் மனத்தை மாற்றவில்லை. மாற்றியது அவருடைய தொழில்தான். ஒருநாள் பழைய காலத்துக் கணக்கு முறையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். நாட்குறிப்பிலிருந்து பேரேட்டுக்குப் பதிந்த பிறகு, ஒருவர் வாசிக்க மற்றவர் ஏட்டில் சரிபார்ப்பார். ஒவ்வொரு பதிவுக்கும் “சரி” என்பார். கணினி வருவதற்கு முன்பு வங்கிகளிலும் இந்த வழக்கம் இருந்தது. நான் பணியில் சேர்ந்த புதிதில் மூத்த எழுத்தர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். “அப்போ காதும் கணக்குப் படிச்சுதுதானே அப்பா?” என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “சரி, போடு. கேப்போம்” என்றார்.

தொடர்கதைகளின் வெற்றி

முதலில் கேட்டது கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வந்த இந்நாவலின் ஐந்து பாகங்களையும் முழுமையாகக் கேட்க ஏறத்தாழ எழுபது மணி நேரம் ஆகும். வாசிப்பவரைப் பொறுத்துச் சற்றுக் கூடலாம், குறையலாம். கல்கியின் படைப்புகள் நாட்டுடைமையாக்கப்பட்டவை ஆதலால் பலரும் இதனை ஒலிவடிவில் தந்துள்ளனர். தனியொருவர் வாசிப்பது ஒரு வகை. பல நடிகர்களின் குரலோடும் பின்னணி இசையோடும் பாம்பே கண்ணன் தயாரித்தது போன்ற நாடகப் பாங்கான ஒலிநூல் மற்றொரு வகை.

இரண்டிலும் சில அத்தியாயங்களை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். ஆழ்வார்க்கடியானும் வந்தியத்தேவனும் வெவ்வேறு குரலில் பேசுவது அவருக்கு முதல் வாரம் பிடித்திருந்தது. பிறகு தனிக்குரல் வாசிப்பே போதும் என்றார். தாம் மனத்தில் வைத்திருந்த குந்தவையின் குரல் வேறு என்பது அவர் சொன்ன காரணம். என் கருத்து சற்று வேறு. கதையை முதன்முறையாக அறிபவர்களுக்கும், தமிழ் எழுத்து அறியாமல் வளரும் நம் பிள்ளைகளுக்கும் பல குரல் ஒலிநூலே ஏற்றது. யார் பேசுகிறார் என்ற குழப்பம் எழாது. ஏற்கெனவே படித்தவர்களுக்குத் தனிக்குரல் போதும்.

அப்பா கண்டுபிடித்த இன்னொரு செய்தி எனக்குப் புதியது. இளமையில் கதையின் வேகத்தில் வருணனைகளைத் தாண்டிப் படித்ததாகவும், காதால் கேட்கும்போது தாண்ட முடியாததால் ஆடிப் பெருக்கன்று வீரநாராயண ஏரி எப்படி இருந்தது என்பதை இப்போதுதான் முழுமையாக அறிந்ததாகவும் கூறினார். ஐம்பதாண்டுகளுக்கு முன் விடுபட்ட பதிவு ஒன்று இப்போது சரிபார்க்கப்பட்டது போலும்!

தொடராக எழுதப்பட்ட நூல்கள் செவிக்கு இயல்பாகப் பொருந்துகின்றன என்பது நான் கண்ட பொது விதி. காந்தியடிகளின் ‘சத்திய சோதனை’ இதற்கு இன்னொரு சான்று. 1925 முதல் 1929 வரை ‘நவஜீவன்’ வார இதழில் பகுதி பகுதியாக வெளிவந்தது அது. ஒவ்வோர் அத்தியாயமும் சிறியது. ஒரு நிகழ்ச்சி, அதிலிருந்து ஒரு சிந்தனை, அவ்வளவே. பேருந்து தம்பானூரை அடைவதற்குள் ஓர் அத்தியாயம் முடிந்துவிடும். நாள் முழுதும் அசைபோட ஒரு பொருளும் கிடைத்துவிடும். தம் தவறுகளை ஒளிக்காமல் சொல்லும் நூலை ஒரு மனிதக் குரலில் கேட்பது, அவர் எதிரில் அமர்ந்து சொல்வது போலவே இருக்கிறது.

வட்டார மொழி என்னும் தேர்வு

அடுத்துப் புதுமைப்பித்தன். திருநெல்வேலிச் சீமையின் பேச்சைச் சிறுகதைக்குள் கொண்டுவந்த அவர், 1948இல் உயிர்நீத்தது இதே திருவனந்தபுரத்தில். அவருடைய கதைகளுக்குப் பல ஒலிவடிவங்கள் உள்ளன. தரத்தில் அவற்றிடையே பெரும் வேறுபாடு உண்டு. செய்தி வாசிக்கும் குரலில் வாசித்தால் அந்தக் கேலி மறைந்துவிடுகிறது. கந்தசாமிப் பிள்ளை கடவுளோடு பேசும் கதையில் பிள்ளையின் குத்தலைச் சொல்ல, அந்தப் பேச்சை அறிந்த நாக்கு வேண்டும். ஒருவர் வாசிப்பைக் கேட்ட அப்பா, “இவரு நம்ம ஊருக்காரரு இல்லே” என்று இரண்டாம் வரியிலேயே சொல்லிவிட்டார். வேறொருவர் வாசிப்பைத் தேடி எடுத்தபோது கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். ஒலிநூல் வாங்குமுன் மாதிரிப் பகுதியைக் கட்டாயம் கேளுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். நூல் நல்லதாக இருப்பது மட்டும் போதாது. குரலும் பொருந்த வேண்டும்.

‘செல்லம்மாள்’ கதையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சென்னையில் ஜவுளிக்கடை ஒன்றில் சொற்பச் சம்பளத்துக்கு உழைக்கும் பிரமநாயகம் பிள்ளை, நோயுற்ற மனைவியைத் தனியாளாகப் பேணும் கதை அது. பாதியில் அப்பா கையை உயர்த்தி, நிறுத்தச் சொன்னார். என் தாயார் நோயில் கிடந்த மாதங்களில் அப்பா இரவு கடை அடைத்து ஒன்பது மணிக்கு மேல்தான் வீடு திரும்புவார். அந்தக் காலத்தைப் பற்றி அவர் எங்களிடம் பேசியதில்லை. அன்றிரவும் பேசவில்லை. மறுநாள் மாலை, தாமாகவே, “அந்தக் கதையை மொதல்லேருந்து போடு” என்றார். முழுவதும் கேட்டார். முடிந்ததும், கடை முதலாளியிடம் முன்பணம் கேட்க எத்தனை முறை வாசல்வரை சென்று திரும்பினார் என்பதை எனக்குச் சொன்னார். புத்தகமாக அவர் தனியே படித்திருந்தால் இந்தச் செய்தி எனக்குக் கிடைத்திருக்காது. ஒரே அறையில் இருவர் சேர்ந்து கேட்பதனால் விளையும் நன்மை இது.

காதுக்கு எட்டிய மலையாளம்

என் சொந்த வாசிப்பில் ஒலிநூல் திறந்த பெரிய கதவு மலையாளம். இந்நகரில் பிறந்து வளர்ந்தும் நான் படித்தது தமிழ் வழிப் பள்ளியில். மலையாளம் சரளமாகப் பேசுவேன். எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பேன். இங்குள்ள தமிழர் பலரின் நிலையும் இதுவே. தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘செம்மீன்’ நாவலை நாகர்கோவில்காரரான சுந்தர ராமசாமியின் தமிழாக்கத்தில் முன்பே படித்திருந்தேன். இப்போது மூலத்தைக் காதால் கேட்டபோது, கடற்கரை மக்களின் பேச்சோசை மொழிபெயர்ப்பில் வர இயலாத ஒன்று என்பது புலனாயிற்று. அதற்காகத் தமிழாக்கத்தின் மதிப்பு குறைந்துவிடவில்லை. அது இல்லாதிருந்தால் மூலத்தை நான் தேடியே இருக்கமாட்டேன்.

வைக்கம் முகம்மது பஷீர் இன்னும் பொருத்தமானவர். ‘பால்யகால சகி’, ‘பாத்துமாவின் ஆடு’ ஆகியவற்றில் அவர் எழுதுவது, திண்ணையில் அமர்ந்து சொல்வது போன்றே அமைந்திருக்கிறது. எழுத்தறியாமல் மொழி மட்டும் அறிந்தவர்களுக்கு ஒலிநூல் ஒரு பாலம். மும்பையிலும் பெங்களூருவிலும் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் நூல்களை இவ்வழியே அறிமுகப்படுத்தலாம் என்பது என் பரிந்துரை.

கதையல்லாத நூல்கள்

அப்துல் கலாமின் ‘அக்கினிச் சிறகுகள்’ நூலின் ஆங்கில மூலம் 1999இல் வெளிவந்தது. அதன் ஒலிவடிவத்தைக் கன்னட நாடகாசிரியர் கிரீஷ் கர்னாட் வாசித்துள்ளார். அலங்காரமற்ற, நிதானமான குரல். தும்பாவில் மீனவர்களின் மேரி மக்தலேனா தேவாலயம் ஏவுதள அலுவலகமாக மாறியதும், 1963 நவம்பர் 21ஆம் நாள் அங்கிருந்து முதல் ராக்கெட் விண்ணில் ஏறியதும் நம் ஊர்ச் செய்திகள். ஒரு ஞாயிறன்று அந்தப் பகுதியைக் கேட்டபடியே மகளை அங்குள்ள விண்வெளி அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றேன். அவளுக்கு அன்று கிடைத்த பாடம் பள்ளியில் கிடைக்காதது.

நூலாசிரியரே வாசிக்கும் தன்வரலாறுகளுக்குத் தனி ஈர்ப்பு உண்டு. மிஷேல் ஒபாமா தம் ‘பிகமிங்’ நூலைத் தாமே வாசித்திருக்கிறார். அந்த ஒலிப்பதிவு கிராமி விருதும் பெற்றது. எங்கே அவர் நிறுத்துகிறார், எங்கே சிரிப்பை அடக்குகிறார் என்பதெல்லாம் அச்சில் கிடைக்காத பொருள்.

யுவால் நோவா ஹராரியின் ‘சேப்பியன்ஸ்’ கேட்கச் சுவையானது. ஆனால் பெரிய முடிவுகளை எளிய வாக்கியங்களில் அடுக்கிச் செல்வதால், கேட்பவர் எதிர்க்கேள்வி எழுப்புவதற்குள் அடுத்த செய்தி வந்துவிடுகிறது. நாளுக்கு ஓர் அத்தியாயம் கேட்டு நிறுத்துவது நன்று.

பணம் பற்றிய நூல்களையும் சொல்லாமல் விடுவது என் தொழிலுக்கு அழகன்று. மார்கன் ஹௌசலின் ‘சைக்காலஜி ஆஃப் மணி’ இருபது சிறு அத்தியாயங்கள் கொண்டது. கணக்கைவிடக் குணத்தைப் பேசுவது. ஆதலால் செவிக்கு ஏற்றது. பெஞ்சமின் கிரகாம் 1949இல் எழுதிய ‘தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்’ ஆழமான நூல்தான். ஆனால் நிறுவனங்களை ஒப்பிடும் அட்டவணைகளை ஒருவர் வாசிக்கக் கேட்டு மனத்தில் நிறுத்துவது என்னால் இயலவில்லை. அதை அச்சில், கையில் எழுதுகோலுடன் படியுங்கள். எண்ணும் படமும் மிகுந்த நூல்களுக்கு ஒலிவடிவம் பொருந்தாது. விரைவில் செல்வம் சேர்க்கும் வழி என்று பெயரிட்டு வரும் ஒலித்தொடர்களைக் கேட்டு முதலீடு செய்யாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறேன். கம்பீரமான குரல் நல்ல ஆலோசனைக்குச் சான்றாகாது.

துப்பறியும் கதைகளில் ஒரு சிக்கல் உண்டு. முன்பக்கத்தைப் புரட்டித் தடயத்தைச் சரிபார்ப்பது கேட்பவருக்கு எளிதன்று. அத்தகைய நூல்களை வேகத்தைக் கூட்டாமல் கேட்பதே நலம்.

சந்தா செலுத்தும் முன்

பெரும்பாலான ஒலிநூல் செயலிகள் மாத அல்லது ஆண்டுச் சந்தாவில் இயங்குகின்றன. இலவசச் சோதனைக் காலம் முடிந்ததும் கணக்கிலிருந்து தொகை தானாகவே பிடிக்கப்படும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, அட்டை மூலமாகவோ யுபிஐ மூலமாகவோ தொடர்ந்து பிடிக்கப்படும் தொகைக்கு, குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே உங்களுக்கு அறிவிப்பு வர வேண்டும். அந்த ஒப்புதலை நீங்கள் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். அக்குறுஞ்செய்தியைப் படிக்காமல் அழித்துவிடாதீர்கள். செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கினால் மட்டும் சந்தா நின்றுவிடாது. சந்தாவை முறைப்படி ரத்து செய்ய வேண்டும். முகம் அறியாதோர் அனுப்பும் இணைப்புகளின் வழியே எந்தச் செயலியையும் நிறுவ வேண்டாம்.

பார்வைக் குறைபாடு உடையோர் சந்தா இன்றியே நூல்களைப் பெற வழியுண்டு. 2016இல் தொடங்கப்பட்ட ‘சுகம்ய புஸ்தகாலயா’ என்னும் இணைய நூலகம், அச்சைப் படிக்க இயலாதோருக்காகப் பல இந்திய மொழிகளில் நூல்களை வழங்குகிறது. இத்தகையோருக்காக நூல்களை எல்லை கடந்து பகிர வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கையை உலகில் முதலில் ஏற்றுறுதி செய்த நாடு இந்தியா, ஆண்டு 2014. அதற்கு முன்பே, 2012இல் செய்யப்பட்ட பதிப்புரிமைச் சட்டத் திருத்தம், மாற்றுத்திறனாளி ஒருவரின் சொந்தப் பயனுக்காக நூலை அவருக்கு ஏற்ற வடிவில் மாற்றிக் கொடுக்க இடமளித்துள்ளது.

கடைசியாக ஒரு புத்தகம்

அந்தச் சட்டப் பிரிவு எனக்குக் கைகொடுத்தது. சென்ற ஓணம் விடுமுறையின்போது, “மாதவன் கதை உண்டா?” என்று அப்பா கேட்டார். ஆ. மாதவன் சாலைக் கடைத்தெருவில் கடை நடத்திக்கொண்டே, அத்தெருவின் சுமைதூக்கிகளையும் சிறு வியாபாரிகளையும் கதைமாந்தர் ஆக்கியவர். 2015இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார், 2021இல் மறைந்தார். அப்பா அவர் கடையைத் தாண்டித்தான் நாள்தோறும் வேலைக்குச் சென்றார். நான் தேடிய செயலியில் அப்பா கேட்ட கதைகள் கிடைக்கவில்லை. வீட்டிலிருந்த ‘கடைத்தெருக் கதைகள்’ பழைய பிரதியை எடுத்து, நானே உரக்க வாசித்துக் கைப்பேசியில் பதியத் தொடங்கினேன்.

என் வாசிப்பு ஒலிநூல்காரர்களின் வாசிப்புக்கு நிகரன்று. சில சொற்களில் தடுமாறுகிறேன். நடுவே தெருவில் மீன்காரரின் கூவலும் பதிந்துவிடுகிறது. அப்பாவுக்கு அது குறையாகத் தெரியவில்லை. பதிவு முடியும்வரை காத்திருக்காமல், நான் வாசிக்கும்போதே அருகில் வந்து அமர்ந்துவிடுகிறார். ஒரு கடையைப் பற்றிய வரி வந்தால், அது எந்தத் திருப்பத்தில் இருந்தது, அதை நடத்தியவர் யாரிடம் கடன்பட்டிருந்தார் என்று இடையில் சொல்கிறார். கதையோடு கதையாக அதுவும் பதிவாகிறது.

உங்கள் வீட்டிலும் கண்ணாடியை உறையிலிட்டு அலமாரியில் வைத்துவிட்ட ஒருவர் இருக்கக்கூடும். அவருக்கு நல்ல ஒலிநூல் ஒன்றைத் தேடிக் கொடுங்கள். கிடைக்கவில்லையெனில் நாளுக்குப் பத்துப் பக்கம் நீங்களே வாசியுங்கள். நேற்றிரவு எங்கள் வீட்டில் ஏழாவது கதை முடிந்தது. ஒவ்வொரு பத்தி முடிவிலும், பழைய வழக்கம் மாறாமல், அப்பா மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார்: “சரி.”